முடிதிருத்தும் நாற்காலியும் மாத்திரைச் சீட்டும்: லாஸ் ஏஞ்சலஸ் இரத்த அழுத்த ஆய்வு குறித்து

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தகங்களைக் களமாகக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு, 2018 மார்ச் மாதம் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் கொண்ட 319 கறுப்பின ஆண்கள் அதில் பங்கேற்றனர். ஆறு மாதங்களில் ஒரு பிரிவினரின் இரத்த அழுத்த மேல் அளவு சராசரியாக 27 புள்ளி (மி.மீ. பாதரசம்) குறைந்தது; மற்றொரு பிரிவினருக்கு 9.3 புள்ளி மட்டுமே குறைந்தது. மாத்திரை எழுதித் தருவதற்கு எத்தனையோ நெறிமுறைகள் இருந்தும் மருத்துவமனைகளுக்குள் கைகூடாத ஒன்று சலூனில் கைகூடிவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. அதன்பின், கறுப்பினச் சமூகங்களில் உடல்நலச் சமத்துவம் குறித்துப் பேசும் எவரும் இந்த ஆய்வைச் சொல்லாமல் விடுவதில்லை. சமூகத்தின் உள்ளிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தால் போதும் என்பதற்கு இதுவே சான்று என்றும் பலர் காட்டுகிறார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை இந்தக் கட்டுரை அப்படியே ஏற்கவில்லை. முடிதிருத்துநருக்குப் பயிற்சி அளித்தது இரண்டு பிரிவுகளிலும் நடந்தது. 27 புள்ளி குறைந்த பிரிவில் கூடுதலாக இருந்தது வேறொன்று. அது என்ன, அதைக் கொண்டுவர யார் பணம் தந்தார்கள், அந்தப் பணம் நின்றபின் எது மிஞ்சியது என்று பார்த்தால்தான் இந்த நிகழ்விலிருந்து மற்ற ஊர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது எது என்பது விளங்கும்.

ஏன் முடிதிருத்தகம்?

அமெரிக்கக் கறுப்பின வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. வெள்ளையரைக் காட்டிலும் இளம் வயதிலேயே அது தொடங்குகிறது. பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவையும் அதற்கேற்ப முன்கூட்டியே வருகின்றன. இதை இரத்தத்தில் ஊறிய இனக்கூறு என்று சொல்லித் தள்ளிவிடும் பழக்கம் மருத்துவ உலகில் நெடுநாள் இருந்தது. குடியிருப்புப் பிரிவினை, காப்பீடு இல்லாமை, அருகில் மருத்துவர் இல்லாமை, நாள்பட்ட மன அழுத்தம், கிடைக்கும் உணவில் மிகும் உப்பு ஆகியவை இன்று முன்னுக்கு வைத்துப் பேசப்படும் காரணங்கள். தெற்கு லாஸ் ஏஞ்சலஸே இதற்கு எடுத்துக்காட்டு. 1965இல் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்தை விசாரித்த குழு, அங்கே ஒரு பொது மருத்துவமனை வேண்டும் என்றது. மார்ட்டின் லூதர் கிங் பெயரில் அது 1972இல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் தர ஆய்வுகளில் தேறாமல் 2007இல் உள்நோயாளிப் பிரிவு மூடப்பட்டது. புதிய நிர்வாகத்தின் கீழ் மீண்டும் திறந்தது 2015இல்தான். இங்கே சொல்லப்படும் ஆய்வு ஆள் சேர்க்கத் தொடங்கியதும் அதே ஆண்டில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மருத்துவமனை அருகில் இருந்தாலும் உள்ளே போகத் தயங்குவதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களை ஓர் ஆய்வில் வைத்திருந்தது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய் (சிபிலிஸ்) இருந்தது. 1940களில் பென்சிலின் வந்து அந்நோயைக் குணப்படுத்த முடியும் என்று தெரிந்த பின்பும், நோய் முற்றினால் என்னவாகும் என்று பார்ப்பதற்காக அவர்களுக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது. செய்தி 1972இல் வெளியானபின் நாடெங்கும் கறுப்பின ஆண்கள் மருத்துவரிடம் போவது குறைந்ததாகவும், 45 வயதுக்குமேல் அவர்கள் வாழக்கூடிய காலம் ஒன்றரை ஆண்டு வரை குறைந்திருக்கலாம் என்றும் மார்செல்லா அல்சான், மரியான் வனமேக்கர் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2018இல் மதிப்பிட்டார்கள். குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997இல். டஸ்கிகீ ஒன்றையே காரணமாகச் சொல்வதும் வசதியான விளக்கம்தான். போன வாரம் அவசரப் பிரிவில் தன் வலியை யாரும் நம்பவில்லை என்பதும் ஒருவரைத் தயங்கவைக்கப் போதுமானது.

முடிதிருத்தகத்தின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறுப்பின முடிதிருத்துநர்கள் பெரும்பாலும் வெள்ளை வாடிக்கையாளர்களுக்கே சவரம் செய்தார்கள். பிரிவினைச் சட்டங்கள் இறுகியபின் அவர்களின் கடைகள் சொந்த மக்களை நோக்கித் திரும்பின. வெள்ளையர் காதில் விழாமல் அரசியலும் ஊர்ச் செய்தியும் பேசக் கிடைத்த சில இடங்களில் தேவாலயம் ஒன்று, சலூன் மற்றொன்று. இன்னொரு தொடர்பையும் இங்கே சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர் சீக்கிரம் இறந்துபோவார்கள் என்று காட்டி வெள்ளையர் காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களை ஒதுக்கின அல்லது குறைந்த தொகைக்கே காப்பீடு தந்தன. அந்த வெற்றிடத்தில் கறுப்பினத்தவரின் சொந்தக் காப்பீட்டு நிறுவனங்களை எழுப்பியவர்களில் இருவர் முடிதிருத்துநர்கள்: வட கரோலினாவின் டர்ஹமில் 1898இல் தொடங்கிய நிறுவனத்தின் ஜான் மெரிக், அட்லாண்டாவில் 1905இல் தொடங்கிய நிறுவனத்தின் அலோன்சோ ஹெர்ண்டன். ஹெர்ண்டன் அடிமையாகப் பிறந்தவர். அக்கம்பக்கத்தார் தங்கள் நோய்க்கும் சாவுக்கும் சேர்த்த காசை நம்பி ஒப்படைக்கும் ஆளாக முடிதிருத்துநர் இருந்தது, மருத்துவ ஆய்வாளர்கள் அவரைக் கண்டுபிடிப்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய வழக்கம்.

ஆய்வாளர்களில் லாஸ் ஏஞ்சலஸ் குழு முதலாவதும் அல்ல. பால்ட்டிமோரில் எலைஜா சாண்டர்ஸ் என்ற கறுப்பின இதயநோய் மருத்துவர், சலூன்களிலும் தேவாலயங்களிலும் இரத்த அழுத்தம் பார்க்க ஆட்களைப் பயிற்றுவித்த முன்னோடிகளில் ஒருவர். லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு அந்த மரபின் பிற்கால வரவு.

டல்லஸில் கிடைத்த பாடம்

ஆய்வின் தலைவர் ரொனால்ட் விக்டர், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள சீடர்ஸ்-சினாய் மருத்துவமனைக்கு வருமுன் டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸில் பணியாற்றியவர். அங்கே 17 கறுப்பின முடிதிருத்தகங்களில் அவர் நடத்திய முதல் பெரிய ஆய்வில் எல்லாப் பொறுப்பும் முடிதிருத்துநர் மீதே இருந்தது. முடிவெட்ட வருபவருக்கு ஒவ்வொரு முறையும் அவர் இரத்த அழுத்தம் பார்த்தார். அளவு கூடியிருந்தால் மருத்துவரிடம் போகச் சொல்லி அட்டை கொடுத்தார். மருத்துவரின் கையொப்பத்தோடு அட்டையைத் திரும்பக் கொண்டுவந்தவருக்கு இலவசமாக முடிவெட்டப்பட்டது. அதே கடைக்கு வந்துபோகும் வேறொருவர் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்த கதை படத்தோடு சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. சக மனிதர் வழியாக நலக்கல்வி என்ற கோட்பாட்டை இதைவிடத் தூய வடிவில் செயல்படுத்துவது கடினம்.

பத்து மாத முடிவில், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தோரின் விகிதம், துண்டறிக்கை மட்டும் தரப்பட்ட கடைகளைவிட 8.8 சதவீதப் புள்ளி கூடுதலாக உயர்ந்திருந்தது. சராசரி மேல் அளவில் இரு பிரிவுக்கும் இடையே தெரிந்த வித்தியாசமோ, புள்ளியியல்படி உறுதி என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது. முடிதிருத்துநர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு போனவருக்கு அதன்பின் மருத்துவரின் அறையில் என்ன கிடைத்தது என்பது அவர்கள் கையில் இல்லை. நேரம் வாங்கிக் காத்திருந்து, அரைநாள் சம்பளத்தை விட்டுப் போய், ‘உப்பைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்ற பதிலோடு திரும்புவது இரத்த அழுத்த நோயாளிகளுக்கு எந்த நாட்டிலும் பழக்கமான அனுபவம். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டிய நேரத்தில் கூட்டாமல் விடும் இந்தத் தயக்கத்தை மருத்துவ இலக்கியம் வெளிப்படையாகவே குறையாகக் குறிப்பிடுகிறது.

டல்லஸ் முடிவைப் பார்த்துவிட்டு, ‘பயிற்சி போதவில்லை, முடிதிருத்துநருக்கு இன்னும் நாலு வகுப்பு எடுப்போம்’ என்று போயிருக்கலாம். பல திட்டங்கள் அப்படித்தான் போகின்றன. விக்டரின் குழு வேறு வழி எடுத்தது. முடிதிருத்துநரின் சுமையைக் குறைத்து, மருந்து எழுதும் அதிகாரத்தைக் கடைக்குள் கொண்டுவந்தது. இந்த ஆய்வில் புதுமை என்று சொல்லத்தக்கது அதுவே.

கடைக்குள் நடந்தது

பங்கேற்கத் தகுதி இப்படி வகுக்கப்பட்டது: 35 முதல் 79 வயது வரையுள்ள கறுப்பின ஆண், ஒரே கடைக்குக் குறைந்தது ஆறு மாதமாக, ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது வருபவர், இரு வேறு நாட்களில் பார்த்தபோதும் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல். யார் எந்தப் பிரிவில் என்று முடிவு செய்யும் குலுக்கல் ஆளுக்கு ஆள் நடக்கவில்லை, கடைக்குக் கடை நடந்தது. ஒரே கடையில் இருவருக்கு இருவிதம் என்றால் பக்கத்து நாற்காலிப் பேச்சு எல்லாவற்றையும் கலக்கிவிடும் என்பதால் இது சரியான முடிவு.

ஒப்பீட்டுப் பிரிவுக் கடைகளில் முடிதிருத்துநர் பயிற்சி பெற்று, வாழ்க்கைமுறை மாற்றம் பற்றிப் பேசினார். மருத்துவரைப் பார்க்கத் தூண்டினார். முதன்மைப் பிரிவுக் கடைகளில் முடிதிருத்துநர் செய்ததும் ஏறக்குறைய அதே அளவு வேலைதான். அவர் தூண்டியது மட்டும் கடைக்கே வரும் மருந்தாளுநரைப் பார்க்கச் சொல்லி. உயர் இரத்த அழுத்தச் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற அந்த மருந்தாளுநர்கள், ஒவ்வொரு பங்கேற்பாளரின் மருத்துவரோடும் கூட்டுச் செயல்பாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒப்பந்தத்தின் கீழ் தாங்களே மருந்து எழுதினார்கள்; இரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகச் செயல்பாடும் எப்படி இருக்கின்றன என்பதைக் கடையிலேயே சோதித்தார்கள்; என்ன மாற்றினோம் என்பதை மருத்துவருக்கு எழுதி அனுப்பினார்கள். மருந்துத் திட்டமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. அம்லோடிபினும், டெல்மிசார்டன் போன்ற இன்னொரு நீண்டநேர மருந்தும் சேர்ந்து முதல் படி. அது போதாவிட்டால் மூன்றாவதாக இண்டபமைட். இவற்றில் விலை உயர்ந்த புது மருந்து எதுவும் கிடையாது. மருந்துச் செலவுக்கும் மருந்துக்கடைக்குப் போய்வரவும் என்று சந்திப்புக்கு 25 டாலர் தரப்பட்டது. ஆறு மாதத்தில் ஒருவர் மருந்தாளுநரை நேரில் பார்த்தது சராசரியாக ஏழு முறை. சாதாரண மருத்துவமனைப் பராமரிப்பில் ஆறு மாதத்துக்குள் ஏழு முறை என்பதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

இரத்த அழுத்தத்தைச் சரியாக அளப்பது வெளியில் தெரிவதைவிட நுணுக்கமான வேலை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். முடிதிருத்தும் நாற்காலியில் முதுகுக்கும் கைக்கும் தாங்கல் உண்டு. கால் பதிய மிதிகட்டையும் உண்டு. கிடைக்காதது அந்த ஐந்து நிமிட அமைதி. தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஆட்டம், பக்கத்தில் இயந்திரத்தின் இரைச்சல், வாசலில் நுழைபவரெல்லாம் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் வழக்கம் ஆகியவற்றுக்கு நடுவே ஒருவரைப் பேசாமல் உட்காரவைப்பதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. இறுதி அளவீடுகளை முடிதிருத்துநரோ மருந்தாளுநரோ எடுக்காமல், தானியங்கிக் கருவியோடு வந்த ஆய்வுப் பணியாளர்கள் எடுத்ததால், முடிவுகளின் நம்பகத்தன்மை பற்றிப் பெரிய ஐயம் எழவில்லை.

எண்கள் சொல்வது

முதன்மைப் பிரிவினரின் சராசரி மேல் அளவு 152.8இல் தொடங்கி, ஆறு மாதத்தில் 125.8 ஆனது. ஒப்பீட்டுப் பிரிவினருக்கு 154.6இலிருந்து 145.4 ஆனது. தொடக்க வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தால் இடைவெளி 21.6 புள்ளி. 2017 நவம்பரில் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் கடுமையாக்கிய 130/80 என்ற இலக்கை எட்டியவர்கள் முதன்மைப் பிரிவில் 63.6 சதவீதம், மற்றதில் 11.7 சதவீதம். தொடக்கத்தில் இரு பிரிவிலும் பாதிக்குச் சற்று அதிகமானோரே மருந்து எடுத்துவந்தார்கள். ஆறு மாதத்தில் முதன்மைப் பிரிவினர் அனைவரும் மருந்தில் இருந்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவில் அந்த விகிதம் 63 சதவீதமாகவே உயர்ந்தது. மூன்று பேருக்குச் சிறுநீரகத்தில் தற்காலிகப் பாதிப்பு ஏற்பட்டு, இண்டபமைடை நிறுத்தியதும் சரியானது. ஓராண்டு முடிவில், வருகைகள் குறைந்த பின்பும், இடைவெளி 20.8 புள்ளியாக நீடித்தது. முதல் ஆறு மாத முடிவில் 95 சதவீதத்தினர் ஆய்வில் நிலைத்திருந்தார்கள். ‘கறுப்பின ஆண்கள் ஆய்வுகளுக்கு வரமாட்டார்கள், வந்தாலும் நிலைக்கமாட்டார்கள்’ என்ற நெடுநாளைய முறையீட்டுக்கு அந்த ஒரு எண்ணே பதில்.

ஒப்பீட்டுப் பிரிவின் 9.3 புள்ளிக் குறைவை முடிதிருத்துநரின் அறிவுரைக்குக் கிடைத்த வெற்றியாகப் படிப்பவர்கள் உண்டு. அதில் ஒரு பகுதி வேறு காரணத்தால் வந்திருக்கலாம். அளவு மிகுந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடி அளந்தால், எதுவும் செய்யாவிட்டாலும் சராசரி சற்று இறங்கும். பொறுக்கிய நாளில் சிலருக்குத் தற்செயலாகக் கூடியிருந்திருக்கும். எனவே அறிவுரை மட்டும் தந்தது எவ்வளவு என்பதை இந்த ஆய்வால் துல்லியமாகச் சொல்ல முடியாது. சொல்ல முடிவது இதுதான்: ஒரே வகையான முடிதிருத்துநர்கள், ஒரே வகையான வாடிக்கையாளர்கள், ஒத்த பயிற்சி; ஆனால் மருந்து எழுத அதிகாரம் பெற்ற ஒருவர் அதே அறையில் இருந்தபோது விளைவு இரு மடங்குக்கும் மேல்.

இதனால் முடிதிருத்துநரின் பங்கு சிறிது என்று ஆகிவிடாது. மருந்தாளுநரைத் தனியாக ஒரு கட்டடத்தில் உட்காரவைத்திருந்தால் ஏழு முறை யாரும் வந்திருக்கமாட்டார்கள். பல ஆண்டாகத் தன் தலையைத் தொட்டு வேலை செய்பவர், ‘இவர் நம்ம ஆள், பேசிப் பாருங்கள்’ என்று சொல்லும் ஒரு வார்த்தைக்காகத்தான் அந்நியர் ஒருவர் கையில் ஊசி குத்த அனுமதி கிடைக்கிறது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 2017-18இல் அல்சானும் சகாக்களும் நடத்திய ஆய்வும் இதற்குப் பக்கபலம். சலூன்களிலும் வாரச் சந்தைகளிலும் ஆள் சேர்த்து, தற்காலிக மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே கறுப்பின மருத்துவரைச் சந்தித்தவர்கள், மற்ற மருத்துவர்களைச் சந்தித்தவர்களைவிட, ஊசியும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும் தடுப்புச் சேவைகளைத் தெளிவாகக் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். யார் சொல்கிறார் என்பதற்கு எடை உண்டு. சொன்னபின் கையில் என்ன தரப்படுகிறது என்பதற்கும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு இரண்டாவதைத் தனியாகப் பிரித்து அளந்து காட்டியது.

அறிவுரையே போதுமான இடங்கள்

பயிற்சி பெற்ற சக சமூகத்தினர் தனியாகவே நல்ல பலன் தந்த நிகழ்வுகளும் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது தெரிகிறது. ஆர்க்கன்சா மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட கறுப்பினப் பெண்கள் தேவாலயங்களில் எழுந்து நின்று தங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் திட்டம் தொடங்கியது. புற்றுநோய் என்றாலே சாவு என்றும் அதைப் பற்றிப் பேசுவதே தகாது என்றும் இருந்த ஊர்களில், உயிரோடு நின்று பேசும் ஒரு பெண்ணே வாதம். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் ஐந்து கிராமப்புற மாவட்டங்களில், அக்கம்பக்கத்தார் இயல்பாகவே ஆலோசனை கேட்கும் பெண்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பயிற்சி அளித்தார்கள். அங்கே மார்பகப் படப்பரிசோதனை செய்துகொண்ட கறுப்பினப் பெண்களின் விகிதம், ஒப்பீட்டு மாவட்டங்களைவிட 6 சதவீதப் புள்ளி கூடியது. வருமானம் குறைந்த பெண்களிடையே 11 புள்ளி.

இவ்விடங்களில் கேட்கப்பட்ட செயல் ஒரே ஒருமுறை, அல்லது ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டியது. சேவை ஏற்கனவே எங்கோ இருந்தது. தடையாக நின்றது பயமும் தகவல் இன்மையும். அந்தத் தடையை நீக்கச் சக பெண்ணைவிடத் தகுந்தவர் இல்லை. இரத்த அழுத்தம் அப்படிப்பட்டதல்ல. வலி இல்லை, தினமும் மாத்திரை, அளவை நாலைந்து முறை மாற்றிப் பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது நியூயார்க்கில் ஜோசப் ராவெனெல் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு. சலூன்களில் சந்தித்த 50 வயது கடந்த கறுப்பின ஆண்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்வதோடு நிற்காமல், பயிற்சி பெற்ற சமூக நலப் பணியாளர்கள் தொலைபேசியில் கூடவே இருந்து நேரம் வாங்குவதிலும் மற்ற இடைஞ்சல்களைத் தீர்ப்பதிலும் உதவினார்கள். அந்த உதவி கிடைத்தவர்கள் பரிசோதனை செய்துகொண்ட விகிதம், கிடைக்காதவர்களைவிட இரு மடங்குக்கு மேல். ஆனாலும் 18 சதவீதத்தைத் தாண்டவில்லை. இரு மடங்கு என்று தலைப்பிடலாம், ஐந்தில் நால்வர் செய்துகொள்ளவில்லை என்றும் தலைப்பிடலாம். திட்ட அறிக்கைகளில் முதல் தலைப்பே வரும் என்பதை வாசிப்பவர் நினைவில் வைப்பது நல்லது.

கோவிட் தடுப்பூசியும் அந்த முதல் வகைதான். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் தாமஸ் பல ஆண்டாகப் பயிற்றுவித்துவந்த சலூன்களின் தொடர்பை அடித்தளமாக வைத்து, 2021 ஜூனில் வெள்ளை மாளிகை ஆயிரம் சலூன்களையும் அழகு நிலையங்களையும் தடுப்பூசிப் பரப்புரைக்குச் சேர்ப்பதாக அறிவித்தது. பல கடைகளில் ஊசி போடுபவரே நேரில் வந்து நின்றார். பத்தாண்டாக வளர்ந்த உறவு இல்லாமல் ஒரே மாதத்தில் அப்படி ஒரு வேலையைத் தொடங்கியிருக்க முடியாது. அவசரத்துக்கு மட்டும் சமூகத்தைத் தேடிப்போவதும், அவசரம் தீர்ந்ததும் நிதியை நிறுத்துவதும் இத்துறையின் தீராத பழக்கம்.

யார் பணம் தருவது

லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனம். விக்டர் 2018 செப்டம்பரில், முடிவு வெளியான ஆறே மாதத்தில் காலமானார். அவருடைய சகாக்கள் தொடர்ந்தார்கள். இந்த முறையை விரிவாக்கினால் ஆரோக்கியமான ஒரு வாழ்வாண்டைக் கூட்ட ஏறத்தாழ 42,700 டாலர் செலவாகும் என்று 2021இல் வெளியான கணக்கீடு ஒன்று சொன்னது. அமெரிக்க அளவுகோலில் அது ‘தகும்’ என்ற பட்டியலில் வசதியாக அடங்கும். ஆனால் தகும் என்பதாலேயே யாரும் பணம் தந்துவிடுவதில்லை. நெரிசலில் சிக்கிக் கடைக்குக் கடை காரோட்டும் மருந்தாளுநரின் நேரம்தான் பெருஞ்செலவு. அதைக் குறைக்கச் சில சந்திப்புகளைக் காணொளி வழியாக நடத்திப் பார்க்கலாம் என்ற யோசனை பெருந்தொற்றுக்கு முன்பே இருந்தது. 2020 மார்ச்சில் சலூன்களே மூடப்பட்டன.

முதல் இடையூறு சட்டத்தில் இருக்கிறது. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, மருந்தாளுநரை மருத்துவச் சேவை அளிப்பவராகத் தனித்து அங்கீகரிப்பதில்லை; எனவே அவர் பார்த்த நோயாளிக்குத் தன் பெயரில் கட்டணம் கோர முடியாது. மருந்தாளுநரின் அதிகார எல்லையைக் கலிபோர்னியா 2013இலேயே சட்டம் இயற்றி விரித்திருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். லாஸ் ஏஞ்சலஸில் செய்ததை அப்படியே வேறு மாநிலத்தில் செய்ய முதலில் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இடையூறு பற்றி அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை. நாற்காலியில் ஒருவர் கூடுதலாகப் பத்து நிமிடம் இருந்தால் அடுத்தவர் காத்திருப்பார். வாடகைக்கு நாற்காலி எடுத்திருக்கும் முடிதிருத்துநருக்கு அந்தப் பத்து நிமிடம் வருமானம். ‘சமூகத்துக்குச் செய்கிறோம்’ என்ற பெருமிதத்தின் மேல் இதை ஏற்றிவைப்பது, மருத்துவமனை தான் செலுத்த வேண்டிய கூலியை ஏழை உழைப்பாளியிடமிருந்து நன்கொடையாக வாங்குவதற்குச் சமம் என்பதே என் கருத்து. மருத்துவர் நேரத்துக்குக் கட்டணம் வாங்கும்போது முடிதிருத்துநர் தியாகம் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் சமத்துவம் எங்கே இருக்கிறது? அதோடு, வாடிக்கையாளரின் நோய் பற்றிய செய்தி கடையில் நாலு பேர் காதில் விழும் வாய்ப்பும் உண்டு. பயிற்சியில் அளவு பார்ப்பதற்குத் தரும் நேரத்தில் பாதியையாவது வாயடக்கத்துக்கும் தர வேண்டும்.

யார் விடுபட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு வாரத்துக்கொரு முறை ஒரே கடையில் முடிவெட்டிக்கொள்ளும் ஆண், ஓரளவு நிலையான வருமானமும் முகவரியும் உள்ளவர். வீட்டிலேயே தலையை மழித்துக்கொள்பவர், சிறையிலிருந்து வந்து ஊர் ஊராகத் தங்குபவர், வாடகை தர முடியாமல் நகரத்தை விட்டு வெளியேறியவர் ஆகியோர் இந்த வலையில் விழமாட்டார்கள். பெண்களுக்கு வேறு களம் வேண்டும். வட கரோலினாவில் அழகு நிலையங்களில் லாரா லின்னன் குழு அதைத்தான் செய்துபார்த்தது.

வருமானம் குறைந்தோருக்கான கலிபோர்னியா அரசின் மெடி-கால் காப்பீடு, 2022 ஜூலை 1 முதல் சமூக நலப் பணியாளரின் சேவைக்குக் கட்டணம் தருகிறது. இத்துறையில் பல ஆண்டாகக் கேட்டுவந்த கோரிக்கை அது. அந்தப் பணியாளராகத் தகுதி பெற இரு வழிகள் உண்டு: சான்றிதழ்ப் படிப்பு, அல்லது கடந்த மூன்றாண்டுக்குள் அத்தகைய பணியில் குறைந்தது 2,000 மணி நேர அனுபவம், பின்னர் 18 மாதத்துக்குள் சான்றிதழ். சலூன் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி இரத்த அழுத்தம் பார்த்துவந்த ஒருவர் 2,000 மணி நேரத்தைக் கணக்குக் காட்டுவது எளிதன்று. கடையை மூடிவிட்டு வகுப்புக்குப் போவது அதைவிடக் கடினம். சேவைக்கான பட்டியலை அவர் நேரடியாக அனுப்பவும் முடியாது; மேற்பார்வை செய்யும் அமைப்பு ஒன்று அவரைத் தன்கீழ்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பையும் கடையையும் இணைக்கும் ஆள் யார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து என்பது ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகத் தீர்க்கவேண்டிய கணக்காக இருக்கிறது.